வாயில வெச்சாலே ஒமட்டுதா? கீமோ நாட்களில் வயிறும் சாப்பாடும்

"சாப்பிட்டியா?" இது வீட்டிலிருந்து நமக்கு வரும் எல்லா போன்களிலும் முதல் கேள்வி. வீட்டில் ஒருவருக்குக் கீமோதெரபி ஆரம்பித்துவிட்டால் இந்தக் கேள்வி திசை மாறிவிடும். ஹாஸ்டலில் இருந்து நாம்தான் கேட்போம், "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று. பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எங்க சாப்பிடுறா, வாயில வெச்சாலே ஒமட்டுதாம்."

1983இல் சிட்னியில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகளிடம், "இந்தச் சிகிச்சையில் உங்களை அதிகமா வாட்டுறது எது?" என்று ஒரு குழு கேட்டது. முதல் இடம் வாந்திக்கு, இரண்டாவது இடம் குமட்டலுக்கு. முடி கொட்டுவதுகூட அதற்குப் பிறகுதான். அதன்பின் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. வாந்தியை இன்று பெருமளவு நிறுத்திவிட முடிகிறது. ஆனால் குமட்டல் அவ்வளவு லேசில் அடங்குவதில்லை. வெளியே தெரியாத அந்த ஒமட்டல்தான் தட்டைத் தள்ளி வைக்க வைக்கிறது. அந்த இடத்தில் சமையலறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கு மாற்று இல்லை. மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவைதான் எல்லாம்.

சாப்பாடு ஏன் இவ்வளவு முக்கியம்?

"ரெண்டு நாள் சாப்பிடலைன்னா என்ன ஆயிடப் போகுது" என்று நமக்குத் தோன்றலாம். கீமோவில் கொஞ்சம் ஆகும். பெரும்பாலான கீமோ மருந்துகளின் டோஸை உடலின் பரப்பளவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஃபார்முலா எளிது: சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சதுர மீட்டரில் விடை வரும். 160 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் சுமார் 1.63 சதுர மீட்டர். அதே ஆள் 54 கிலோவுக்கு இறங்கினால் சுமார் 1.55. எடை 10 சதவீதம் இறங்கினால் பல மருத்துவமனைகளில் டோஸையே மறுபடி கணக்குப் போடுவார்கள். உடம்பு ரொம்பத் தளர்ந்துவிட்டால் அடுத்த சுற்றையே தள்ளிப்போட வேண்டி வரும். ஆக, அவர் சாப்பிடும் இரண்டு இட்லிக்கும் சிகிச்சை நேரத்தோடு முடிவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அதனால் வாராவாரம் ஒரே நாளில், ஒரே மெஷினில், காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். "கண்ணுக்கு இளைச்ச மாதிரி தெரியுது" என்பதைவிட அந்த ஒரு எண் டாக்டருக்கு அதிகம் பயன்படும்.

ஒமட்டல் எங்கிருந்து வருது?

கீமோ மருந்து வயிற்றுக்குள் போவதில்லை, டிரிப்ஸில் ரத்தத்துக்குத்தானே போகிறது? அப்புறம் ஏன் வயிறு பிரட்டுகிறது? நியாயமான கேள்வி.

நம் உடம்பில் விஷம் கண்டுபிடிக்கும் சென்சார்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒன்று குடலில். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதுதான் பல கீமோ மருந்துகளின் வேலை. புற்று செல்லும் வேகமாகப் பிரியும், குடலின் உள்சுவர் செல்லும் வேகமாகப் பிரியும். மருந்து குடலைத் தொந்தரவு செய்யும்போது அங்கிருக்கும் சில செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன. செரட்டோனின் என்றதும் மூளைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது. அது வேகஸ் நரம்பைத் தட்டிவிட, நரம்பு மூளைக்கு "உள்ளே ஏதோ விஷம்" என்று சிக்னல் அனுப்புகிறது.

இரண்டாவது சென்சார் மூளையின் அடியில், முகுளத்தில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது எல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாமல் தடுக்க ஒரு வேலி உண்டு. இந்தச் சின்ன இடத்தில் மட்டும் அந்த வேலி தளர்வாக இருக்கும். ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று ருசி பார்ப்பதுதான் அதன் வேலை. கெட்டுப்போன மீனைச் சாப்பிட்டால் நம்மைக் காப்பாற்றுவது இதே ஏற்பாடுதான். கீமோ மருந்தையும் அது விஷம் என்றே எடுத்துக்கொள்கிறது. சர்க்யூட்டில் கோளாறு எதுவும் இல்லை, அலாரம் சரியாகத்தான் அடிக்கிறது. நாம்தான் அதை அடக்கியாக வேண்டும்.

மருந்துகள் அடக்குவதும் இந்த வழிகளைத்தான். ஆன்டான்செட்ரான் செரட்டோனின் சிக்னலைத் தடுக்கும். அப்ரெபிடன்ட், மூளையில் வேலை செய்யும் சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு சிக்னலைத் தடுக்கும். கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். ஒரே வாந்திக்கு எதற்கு மூன்று மாத்திரை என்று கேட்டால் இதுதான் பதில். ஒவ்வொன்றும் அடைப்பது வேறு வேறு வாசலை.

எல்லாருக்கும் ஒரே அளவில் வராது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் முன்மருந்து கொடுக்காவிட்டால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வாந்தி வரும். வேறு சில மருந்துகளில் வராமலே போகலாம். பெண்களுக்கும், வயது குறைந்தவர்களுக்கும், பஸ்ஸில் ஏறினாலே தலைசுற்றுகிறவர்களுக்கும், கர்ப்பக் காலத்தில் மசக்கை அதிகம் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒண்ணுமே ஆகலையே, உனக்கு மட்டும் என்ன?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

முதல் நாள் நல்லாத்தானே இருந்தாங்க?

நேரத்தை வைத்துக் குமட்டலை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மருந்து ஏறிய முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. அதற்குப் பிறகு ஐந்து நாள் வரை வருவது இரண்டாவது. சிஸ்பிளாட்டினில் இது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். மூன்றாவது வகை, மருந்து ஏறுவதற்கு முன்பே வருவது. ஆஸ்பத்திரி வாசனையே போதும், சிலருக்கு அந்த ரூட் பஸ்ஸைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது வகைதான் வீட்டில் எல்லாரையும் ஏமாற்றும். கீமோ முடிந்து வந்த அன்று அவர் நன்றாகப் பேசுவார், டீ குடிப்பார். "பரவாயில்லையே, தாங்கிட்டாங்க" என்று மாத்திரையை ஓரமாக வைத்துவிடுவோம். மூன்றாம் நாள் காலையில் ஆரம்பிக்கும். ஆகவே வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. சீட்டில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாளும், எழுதிய நேரத்தில் போட வேண்டும். "தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதிக் கொடுத்த மாத்திரை தனி. போனில் அலாரம் வைத்துக் கொடுப்பது நம் வேலை.

கீமோ அன்று பிடித்த சாப்பாடு வேண்டாம்

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவருக்கு ரொம்பப் பிடித்ததைச் சமைத்து எடுத்துப் போவது நம் வீடுகளில் வழக்கம். பாசம்தான். ஆனால் உளவியல் வேறு மாதிரிச் சொல்கிறது.

1955இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். எலிகள் அதற்குப் பிறகு அந்த இனிப்புத் தண்ணீரைத் தவிர்த்தன. உடம்பு சரியில்லாமல் போனதற்குக் காரணம் கதிர்வீச்சு, பழி விழுந்தது தண்ணீர் மேல். பாவ்லோவின் நாய்க்கு மணியையும் சோற்றையும் பல தடவை சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. ருசியும் குமட்டலும் சேர்ந்தால் ஒரே ஒரு தடவை போதும். இடையில் சில மணி நேரம் கடந்தாலும் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும்.

1978இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் பெர்ன்ஸ்டீன், கீமோ எடுக்கும் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார். கீமோவுக்கு முன்னால் அவர்கள் அதிகம் அறியாத ருசியில் ஓர் ஐஸ்கிரீமைக் கொடுத்தார். சில வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது அந்தக் குழந்தைகளில் பலர் அதை ஒதுக்கினார்கள். கீமோ இல்லாமல் அதே ஐஸ்கிரீமைச் சாப்பிட்ட குழந்தைகளிடம் அந்த அளவுக்கு வெறுப்பு இல்லை.

எங்கள் சித்திக்கு எலுமிச்சம் சாதம் என்றால் உயிர். இரண்டு சுற்றுக் கீமோவுக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். சிகிச்சை முடிந்து வருஷங்கள் ஆன பிறகும் கல்யாணப் பந்தியில் அந்த மஞ்சள் நிறத்தைக் கண்டாலே இலையைத் தள்ளி வைக்கிறார்.

எனவே கீமோ அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் அவருக்குப் பிரியமான அயிட்டங்களைப் பத்திரப்படுத்தி வையுங்கள். குமட்டல் இல்லாத நாட்களில் கொடுங்கள். கீமோவுக்கு முன்னால் சாதாரணமான, லேசான ஏதாவது போதும்: இரண்டு இட்லி, கொஞ்சம் உப்புமா, இல்லையென்றால் பிரெட். பெர்ன்ஸ்டீன் குழு 1987இல் இன்னொரு தந்திரமும் சோதித்தது. சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் பழக்கமில்லாத ருசியில் ஒரு மிட்டாய். மூளை பழியை மிட்டாய் மேல் போட்டுவிட, சாப்பாடு ஓரளவு தப்பித்தது. பலிகடா மிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை முழுக்க இனி சாப்பிடாவிட்டாலும் கவலையில்லை என்கிற ருசியில் ஒன்றைப் பெட்டிக்கடையில் தேடுங்கள்.

தாளிப்பு வாசனையும் தெர்மோடைனமிக்ஸும்

ஒமட்டலைக் கிளப்புவதில் நாக்கைவிட மூக்குக்குப் பங்கு அதிகம். நம் சமையலோ மூக்கை நம்பி நடப்பது. கடுகு வெடிக்கும், வெங்காயம் வதங்கும், மீன் பொரியும். நமக்கு அது பசியைக் கிளப்பும், அவருக்கு வயிற்றைப் பிரட்டும்.

முதல் வருஷத்தில் படித்த ஆவியழுத்தம் இங்கே உதவும். சூடு ஏற ஏற ஒரு திரவத்திலிருந்து மூலக்கூறுகள் காற்றுக்குப் போவது நேர்கோட்டில் கூடாது, மளமளவென்று ஏறும். தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸில் அதன் ஆவியழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல். 60 டிகிரியில் சுமார் 20. 30 டிகிரி கூடியதற்கே ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆவி என்று தோராயமாகச் சொல்லலாம். வாசனை தரும் பொருட்களின் எண்கள் வேறு, ஆனால் போக்கு இதுதான். ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தைவிட ஆறிய தயிர் சாதம் உள்ளே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து வீட்டில் செய்யக்கூடியவை:

சாப்பாட்டை ஆற வைத்துக் கொடுங்கள். இட்லி, தயிர் சாதம், மோர்க்கஞ்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆறிய ராகிக் கூழ் எல்லாம் வாசனை குறைந்தவை.

தாளிப்பையும் வறுவலையும் அவர் தூங்கும்போதோ வெளியே காற்றாட உட்கார்ந்திருக்கும்போதோ முடித்துவிடுங்கள். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். குக்கர் மூடியை அவர் பக்கத்தில் திறக்க வேண்டாம்.

குடிக்கிற பானத்தை மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ராவோடு கொடுத்தால் வாசனை மூக்குக்குப் போவது குறையும்.

வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். எவர்சில்வர் தட்டு, ஸ்பூனுக்குப் பதில் பீங்கான் தட்டும் மரக் கரண்டியும் சிலருக்கு உதவுகின்றன. நம் ஊரில் இதற்கு வாழை இலை இருக்கவே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. "ஆற வைத்தது" வேறு, "ஆறிக் கிடந்தது" வேறு. சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகச் சூடாக்கி, மறுபடி ஆற வைத்துக் கொடுங்கள்.

காலி வயிறும் ஆகாது, ரொம்பின வயிறும் ஆகாது

ஒமட்டுகிறது என்று சாப்பிடாமல் இருப்பார்கள். வயிறு காலியாக இருந்தால் ஒமட்டல் கூடும். கூடியதால் இன்னும் சாப்பிட மாட்டார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் சொல்கிற பாசிட்டிவ் ஃபீட்பேக் இதுதான். விட்டால் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். அதை உடைக்க வழி, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு, ஏழு சின்ன வேளையாக்குவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பசி வரும் வரை காத்திருக்காமல், கைப்பிடி அளவு.

காலையில் எழுந்ததும் ஒமட்டுகிறவர்களுக்குப் படுக்கைப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் ரஸ்க், பொரி, உப்பு பிஸ்கட் இருக்கட்டும். எழுந்து நிற்பதற்கு முன்பே இரண்டு வாய் போட்டுக்கொள்ளலாம். எண்ணெயும் நெய்யும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பூரி, பஜ்ஜி, பிரியாணி எல்லாம் நல்ல நாட்களுக்கு. சாப்பிட்ட உடனே படுக்காமல் ஒரு மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது நிறையத் தண்ணீர் குடித்தால் வயிறு அதிலேயே ரொம்பிவிடும். தண்ணீரைச் சாப்பாடுகளுக்கு இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

புளிப்பு பலருக்கு உதவும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய்த் துண்டு, துளி ஊறுகாய். ஆனால் வாயில் புண் வந்துவிட்டால் புளிப்பும் காரமும் நெருப்பாக எரியும். அப்போது பால் கஞ்சி, குழைந்த சாதம், மசித்த வாழைப்பழம் என்று மாறிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

இரண்டு நாள் சாப்பாடு குறைந்தால் சமாளிக்கலாம். தண்ணீர் குறைந்தால் சமாளிக்க முடியாது. அதிலும் சிஸ்பிளாட்டின் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை. உடம்பில் நீர் வற்றினால் அந்த ஆபத்து கூடும்.

டம்ளரை நீட்டி "முழுசா குடிங்க" என்றால் நடக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று ஸ்பூன். வாந்தி எடுத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். வெறும் தண்ணீரே ஒமட்டுகிறது என்பவர்களுக்கு நீர்மோர், இளநீர், அரிசிக் கஞ்சித் தண்ணீர், ஐஸ் துண்டு.

வாந்தி பல தடவை ஆனால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய ஃபார்முலாவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாப்பாட்டு உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. குளுக்கோஸ் அதில் ருசிக்காகச் சேர்த்தது இல்லை. குடல் சுவரில் இருக்கும் ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கும். அந்த ஜோடியின் பின்னாலேயே தண்ணீரும் போகும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரைக்க வேண்டும். அரை பாக்கெட், அரை டம்ளர் என்று கண் மதிப்பில் கலக்கினால் கணக்கு கெட்டுவிடும். கடையில் பழரசம் மாதிரி விற்பது எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை மட்ட டீஸ்பூன் உப்பு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த அளவுகள் மாறும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஸ்டீராய்டு மாத்திரையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். இதய நோய்க்குத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலும் அப்படியே.

இஞ்சி நிஜமாவே வேலை செய்யுதா?

பாட்டி சொன்னது சரியா என்று இதில் நிறையப் பேர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 576 நோயாளிகளின் விவரங்கள் அலசப்பட்டன. வழக்கமான வாந்தி மருந்தோடு தினம் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. ஒன்றரை கிராம் எடுத்தவர்களுக்கு அதைவிட நல்ல பலன் ஒன்றும் இல்லை. 2011இல் டெல்லி எய்ம்ஸில் எலும்புப் புற்றுக்குக் கீமோ எடுத்த சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சுக்குப் பொடி கேப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்தபோதும் குமட்டல், வாந்தி இரண்டும் குறைந்தன. ஆனால் 2017இல் இத்தாலியில் சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வில் இஞ்சிக்குப் பலன் தெரியவில்லை.

ஆக, சிலருக்கு உதவலாம், மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. இஞ்சி டீ, சுக்கு வெந்நீர் என்று சமையல் அளவில் எடுப்பது பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கேப்ஸ்யூலாகவோ ஸ்பூன் கணக்கிலோ எடுப்பதென்றால், அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ரத்தத் தட்டுகள் குறைந்தவர்களும், கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஆறு கிராம் யூனிட்

வயிற்றுக்கு இடம் கொஞ்சம்தான், அதில் எதைப் போடுவது? கஞ்சியும் பிரெட்டுமே ஓடினால் தசை கரையும். சிகிச்சை நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டிகள் சொல்கின்றன. 50 கிலோ எடை என்றால் 50 முதல் 75 கிராம்.

இதைச் சுலபமாகக் கணக்குப் பண்ண ஒரு வழி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதை ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் பொட்டுக்கடலை, வேகாத கணக்கில் 30 கிராம் துவரம்பருப்பு, இவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட் சேர்ந்தால், இட்லி, சாதத்தில் வருவதோடு குறைந்தபட்ச இலக்கைத் தொட்டுவிடலாம். கஞ்சியில் பொட்டுக்கடலை மாவைக் கரைப்பது, இட்லிக்குச் சட்னிக்குப் பதில் கெட்டிப் பருப்பு, மத்தியானம் ஆறிய முட்டை. அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதுதான் குறி. முதல் மூன்று நாள் இது நடக்காது. நடக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. நல்ல நாட்களில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

யாரும் கேட்காத ஒரு கேள்வி

"மோஷன் போனீங்களா?" வெட்கப்பட்டு இதை விட்டுவிடுவோம். ஆன்டான்செட்ரான் வாந்தியை நிறுத்தும், கூடவே மலச்சிக்கலையும் கொண்டுவரும். சாப்பாடும் நடமாட்டமும் குறைந்திருப்பதால் அது இன்னும் இறுகும். மலம் கட்டிக்கொண்டால் அதனாலேயே ஒமட்டும். உடனே இன்னொரு வாந்தி மாத்திரை போடுவோம், சிக்கல் இன்னும் கூடும். மூன்று நாள் போகவில்லை என்றால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. நீர், பப்பாளி, வேகவைத்த காய், வீட்டுக்குள்ளேயே நாலு நடை, இவையும் உதவும்.

கிருமியும் வாட்ஸ்அப்பும்

கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரொம்பக் கீழே இருக்கும். குமட்டல் போய்ப் பசி திரும்புவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். "நாக்கு செத்துப்போச்சு, ஏதாவது வாங்கிட்டு வா" என்று அவர் கேட்பார், நாம் பானிபூரி வாங்கிப் போவோம். வேண்டாம். அந்த நாட்களில் நன்றாக வெந்தது, கொதித்து ஆறிய தண்ணீர், நாமே கழுவித் தோல் சீவிய பழம். தெருவோர ஜூஸ், கடைச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை கூடாது. பழைய சோறும் இந்த நாட்களில் டாக்டரைக் கேட்ட பிறகுதான்.

அடுத்தது வாட்ஸ்அப். "சர்க்கரையை நிறுத்தினா புற்று பட்டினி கிடந்து செத்துரும்" என்று ஒரு ஃபார்வர்டு வரும். நாம் ஒரு துளி சர்க்கரை தராவிட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்தாவது குளுக்கோஸைத் தயாரித்துவிடும், அதற்காகத் தசைதான் கரையும். முள் சீத்தா, பெயர் தெரியாத சூரணம், ஏதோ ஒரு பொடி, எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். பழமே சில மருந்துகளின் கணக்கை மாற்றும். கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவான பம்பளிமாஸும் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. அதனால் சில மருந்துகளின் அளவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறலாம்.

சமையலறையை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம்

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மாத்திரையே வாந்தியில் வெளியே வந்துவிடுகிறது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போகிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ தெரிகிறது. வயிறு உப்பிக் கடுமையாக வலிக்கிறது. குழப்பமாகப் பேசுகிறார். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் போன் செய்யுங்கள், கிளம்புங்கள். காய்ச்சலுக்கு நாமாகப் பாராசிட்டமால் கொடுத்து அதை மறைக்கவும் கூடாது.

ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டே என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம். ஒரு ஷேர்டு ஷீட் திறங்கள். தேதி, கீமோ முடிந்து எத்தனையாவது நாள், என்ன சாப்பிட்டார், எப்போது ஒமட்டியது, பத்துக்கு எத்தனை, என்ன வாசனை, மாத்திரை போட்டாரா, எடை. வீட்டில் இருப்பவர் போனில் சொல்லச் சொல்ல நாம் ஏற்றலாம். இரண்டு சுற்று முடிந்தால் ஒரு பேட்டர்ன் தெரியும். மூன்றாம் நாள் காலைதான் மோசம், காபி வாசனை ஆகாது, மோர் இறங்குகிறது என்று. அடுத்த விசிட்டில் அதை டாக்டர் முன்னால் வையுங்கள். "போன தடவை ரொம்பக் கஷ்டப்பட்டாங்க சார்" என்று மட்டும் சொல்வதைவிட, எந்த நாளில் எத்தனை தடவை என்று சொன்னால் அவர் மருந்தை மாற்றவோ கூட்டவோ முடியும். குமட்டலை அடக்க இன்று ஒரு மருந்து சரிவரவில்லை என்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கடைசியாக, "ஒரு வாய் சாப்பிடும்மா, எனக்காக" என்று கெஞ்சுவதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். சாப்பிட முடியாததால் அவருக்கே குற்றவுணர்வு இருக்கும். நம் கெஞ்சல் அதை இன்னும் ஏற்றும். சாப்பாட்டு நேரம் சண்டை நேரம் ஆகிவிடும். தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, செமஸ்டர் கதையோ கிரிக்கெட்டோ வேறு ஏதாவது பேசுங்கள். பேச்சு நடுவில் கை தானாக ரஸ்க் டப்பா பக்கம் போகும். போகவில்லை என்றால் இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த வேளை வரத்தானே போகிறது.